ஏழு மணிக்கு முன் பசிப்பவர்கள்



வேலைக்காக வழியில் இருப்பவர்கள் காலையில் எங்கே சாப்பிடுகிறார்கள், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார்கள் என்பதுதான் இன்றைய பேச்சின் பொருள். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டி நீளும் இந்தப் பகுதியில் இதைப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. விடிவதற்கு முன்பே இத்தனை பேர் வீட்டுக்கு வெளியே நிற்கும் பகுதிகள் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. ஏலத்துக்குப் போகும் மீன்காரப் பெண்கள், கன்டெய்னர் லாரியில் காத்திருக்கும் ஓட்டுநர், முதல் ஷிப்டுக்குப் போகும் ஒப்பந்தத் தொழிலாளி, ஸ்டான்லி மருத்துவமனை வாசலில் இரவைக் கழித்த நோயாளியின் உறவினர் எல்லோரும் ஏதோ ஒரு வகையில் பயணிகளே. வீட்டு அடுப்பு அவர்களுக்கு எட்டாது. அவர்களுக்கு நாஷ்டா என்பது தெருவில் கிடைத்தால் உண்டு, கிடைக்காவிட்டால் இல்லை. வழியில் இருப்பவருக்கு ருசிக்கும் முன்பாக வேண்டியது நிச்சயம்: இந்த நேரத்தில், இந்த இடத்தில், இந்த விலையில், யாராக இருந்தாலும் ஒரே மாதிரியாகச் சாப்பாடு கிடைக்கும் என்ற நிச்சயம். சென்னை மாநகராட்சி விலையையும் சம மரியாதையையும் உறுதிசெய்யும் ஒரு பெரிய உணவக வரிசையை நடத்துகிறது. நேரமும் இடமும்தான் பாக்கி. அந்தப் பாக்கியை வடசென்னையிலிருந்து தொடங்கித் தீர்க்க வேண்டும் என்பது என் வாதம்.

இந்த நிச்சயத்தை விற்றே பெரும் வியாபாரம் கட்டியவர்கள் அமெரிக்கர்கள். அங்கே 19-ஆம் நூற்றாண்டில் ரயில் மேற்கு நோக்கி நீண்டபோது, வழி நிலையங்களில் கிடைத்த சாப்பாடு பேர்போன மோசம். காசை முன்னாலேயே வாங்கிக்கொள்வார்கள், தட்டு வருவதற்குள் வண்டி ஊதிவிடும். ஃபிரெட் ஹார்வி என்பவர் 1876-ல் கான்சஸ் மாநிலத்தின் டொபீகா ரயில் நிலையத்தில் உணவகம் திறந்து இதை மாற்றினார். அடுத்த நிலையத்தில் எத்தனை பேர் சாப்பிட இறங்குவார்கள் என்று வண்டியிலேயே கேட்டுத் தந்தி அடித்துவிடுவார்கள். வண்டி நிற்கும்போது தட்டு தயாராக இருக்கும். ஊருக்கு ஊர் அதே தரம், அதே ஒழுங்கு. ரயில் பயணிக்கு ஹார்வி செய்ததை, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நெடுஞ்சாலைப் பயணிக்கு வேறு பலர் செய்தார்கள். 1953-ல் கலிபோர்னியாவில் டென்னிஸ், 1955-ல் அட்லாண்டா நகரை ஒட்டிய அவன்டேல் எஸ்டேட்ஸில் வாஃபிள் ஹவுஸ், 1958-ல் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் ஐஹாப் என்று வரிசையாகத் தொடங்கின. முட்டை, ரொட்டி, உருளைக்கிழங்கு, காபி என்று மெனு எளிமையானது. அதில் பெரிய கைவண்ணம் இருப்பதாக யாரும் சொல்லமாட்டார்கள். ஆயிரம் மைல் தள்ளி, முன்பின் தெரியாத ஊரில், நள்ளிரவு இரண்டு மணிக்குக் கதவைத் தள்ளினால் அதே தட்டு வரும். லாரி ஓட்டுநரும், இரவுப் பணி முடித்த செவிலியரும், குழந்தைகளோடு காரில் வந்த குடும்பமும் அந்த நம்பிக்கைக்குத்தான் பணம் கொடுக்கிறார்கள்.

வாஃபிள் ஹவுஸின் வேலைமுறை கவனிக்கத் தக்கது. அங்கே ஆர்டரைச் சீட்டில் எழுதிச் சமையல்காரரிடம் நீட்டுவதில்லை. பரிமாறுபவர் வாயால் சொல்வார்; சமையல்காரர் ஒரு காலித் தட்டை எடுத்து அதன் ஓரத்தில் ஒரு ஜெல்லிப் பொட்டலத்தையோ வெண்ணெய்ப் பொட்டலத்தையோ வைப்பார். பொட்டலம் தட்டின் எந்த மூலையில் இருக்கிறது, நிமிர்ந்திருக்கிறதா கவிழ்ந்திருக்கிறதா என்பதை வைத்தே முட்டை எப்படி வேண்டும், கூட என்ன வேண்டும் என்று அடுப்பின் முன் நிற்பவருக்குத் தெரிந்துவிடும். மின்சாரமும் கணினியும் தேவைப்படாத முறை அது. எந்தக் கிளைக்கு மாற்றிப் போனாலும் அதே குறி, அதே பொருள். புயல் வந்து மின்சாரம் போனாலும் எரிவாயு அடுப்பை வைத்துக்கொண்டு சுருக்கமான மெனுவோடு திறந்துவிடுவார்கள். அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை முகமையின் தலைவராக இருந்த கிரெய்க் ஃபியூகேட் இதை ஒரு அளவுகோலாகவே பயன்படுத்தினார். முழு மெனு கிடைத்தால் பச்சை, குறைந்த மெனு என்றால் மஞ்சள், கடையே மூடியிருந்தால் சிவப்பு. சிவப்பு என்றால் அந்த ஊருக்கு உடனே உதவி தேவை என்று பொருள். ஒரு நாஷ்டா கடை திறந்திருப்பதை வைத்து ஊரின் நலத்தைக் கணக்கிட முடிகிறது என்றால், அந்தக் கடை எவ்வளவு தூரம் பொதுச் சொத்தாகிவிட்டது என்று பாருங்கள்.

இந்த வரலாற்றின் இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் போனால் நேர்மையாகாது. 1993-ல் மேரிலாந்து மாநிலத்தின் அனாபொலிஸில் ஒரு டென்னிஸ் கிளைக்கு, அதிபரின் வருகைக்கான பாதுகாப்புப் பணிக்காக வந்திருந்த ரகசியப் பாதுகாப்புப் படையினர் காலை உணவுக்குப் போனார்கள். வெள்ளையரான சகாக்களுக்குத் தட்டு வந்தது. கறுப்பினத்தைச் சேர்ந்த ஆறு பேர் ஏறத்தாழ ஒரு மணி நேரம் காத்திருந்தும் அவர்களுக்கு உணவு வரவில்லை. கறுப்பின வாடிக்கையாளர்களிடம் மட்டும் முன்பணம் கேட்கிறார்கள், அவர்களைக் காக்கவைக்கிறார்கள் என்று அதற்கு முன்பே கலிபோர்னியாவில் புகார்கள் எழுந்திருந்தன. 1994-ல் அந்த நிறுவனம் 5 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வழக்குகளை முடித்துக்கொண்டது. ஒரே மெனு, ஒரே விலை, ஒரே நிறப் பலகை எல்லாம் இருந்தும் ஒரே நடத்தை இல்லாமல் போனதால், வழிப்போக்கருக்குத் தந்த வாக்கு அங்கே பொய்த்துப்போனது. நிச்சயம் என்று நான் சொல்வதில் மரியாதையும் அடக்கம் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சான்று வேண்டாம்.

நம் மண்ணிலும் இந்தக் கேள்வி பழையது. வழியில் போவோருக்குச் சோறு போடுவதைத் தமிழ்நாடு சத்திரங்கள் வழியாக நூற்றாண்டுகளாகச் செய்திருக்கிறது. தஞ்சை மராட்டிய அரசர்கள் ராமேசுவரம் போகும் பாதையில் சத்திரங்களை வரிசையாகக் கட்டினார்கள். இந்தப் பகுதியிலேயே அதற்கு ஒரு சான்று இருக்கிறது. 1782-ல், ஹைதர் அலியோடு நடந்த போர்க்காலப் பஞ்சத்தில் மக்கள் கூட்டம் கூட்டமாகச் சென்னைக்குள் வந்தபோது கஞ்சி ஊற்றுவதற்காகத் தொடங்கியதுதான் மணியக்காரர் சத்திரம். கஞ்சித்தொட்டி என்று மக்கள் அழைத்தது அந்த இடத்தைத்தான். 1799-ல் அதனோடு ஒரு மருத்துவமனை சேர்ந்தது. அதன் வளர்ச்சியே இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. வயதானவர்கள் இன்றும் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்கிறார்கள். அதே வளாகத்தில் இப்போது அம்மா உணவகம் இட்லி விற்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக வெளியூர்க்காரர்களின் பசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் இடம் அது.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. டொபீகாவில் ஹார்வி கடை திறப்பதற்கு 20 ஆண்டுகள் முன்பு அது. அந்த ரயிலில் எல்லாச் சாதியாரும் ஒரே வண்டியில் ஏறினார்கள், ஆனால் சாப்பாடு என்று வந்தபோது பிரிந்தார்கள். ரயில் நிலைய உணவுச்சாலைகளில் பிராமணருக்கு ஓரிடம், மற்றவருக்கு ஓரிடம் என்ற ஏற்பாடு நெடுநாள் நடந்தது. சுயமரியாதை இயக்கத்தின் தொடர்ந்த எதிர்ப்புக்குப் பின் 1941-ல்தான் அது நீங்கியது. அதன் பிறகும் ஊருக்குள் ‘பிராமணாள்’ என்று பலகை மாட்டிய ஓட்டல்கள் இருந்தன. 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபே முன் பெரியார் நடத்திய மறியல் அதற்கு எதிரானதுதான். காலைப் பலகாரம் சாப்பிடும் மேசை நம் ஊரில் அரசியல் மேசையாகவே இருந்திருக்கிறது. ஆகவே உணவகம் எங்கே, யாருக்கு, எத்தனை மணிக்கு என்று கேட்பது அற்ப விஷயம் என்று யாராவது சொன்னால், நம் வரலாறே அவருக்குப் பதில் சொல்லும். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தர வேண்டும் என்று 1920-ல் மாநகராட்சி மன்றத்தில் தீர்மானம் வந்தபோது தலைமையில் இருந்த சர் பிட்டி தியாகராயரும் வடசென்னைக்காரர்தான்.

இப்போது இன்றைய நிலைக்கு வருகிறேன். 2013 பிப்ரவரியில் மாநகராட்சி அம்மா உணவகங்களைத் தொடங்கியது. சில மாதங்களில் வார்டுக்கு ஒன்று என்ற கணக்கில் 200 ஆகி, பின்னர் 400 அளவுக்கு வளர்ந்தன. இட்லி ஒரு ரூபாய், பொங்கல் ஐந்து ரூபாய், மதியம் சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று, இரவில் சப்பாத்தி. ஊரெங்கும் அதே விலை, அதே பட்டியல். உள்ளே போய்ப் பார்த்தால் நடைமுறையும் ஒன்றே: வாசலில் காசு கொடுத்து டோக்கன், எவர்சில்வர் தட்டில் இட்லி, அதன் மேல் கரண்டி சாம்பார், நின்றபடி சாப்பிட உயரமான மேசை. டோக்கன் வைத்திருப்பவர் யார், எந்தத் தெரு, எந்த மொழி என்று யாரும் கேட்பதில்லை. சுய உதவிக் குழுப் பெண்கள் சமைத்துப் பரிமாறுகிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போதும் 2020 ஊரடங்கின்போதும் இந்த உணவகங்கள் திறந்திருந்து இலவசமாகவே சோறு போட்டன. ஃபியூகேட்டின் அளவுகோலை இங்கே வைத்திருந்தால் அந்த நாட்களில் சென்னையில் பல இடங்களில் பச்சை எரிந்திருக்கும். ஒரு நகராட்சி, லாப நோக்கமில்லாமல், இத்தனை கிளைகளோடு காலை உணவு வரிசை ஒன்றை நடத்துவது உலகில் அபூர்வம். இதைப் பார்த்துத்தான் பெங்களூரில் 2017-ல் இந்திரா கேன்டீனும், ஆந்திரத்தில் 2018-ல் அண்ணா கேன்டீனும் வந்தன. கட்சி பார்க்காமல் பெருமைப்படலாம்.

அப்படியானால் குறை எங்கே? கடிகாரத்தில். அம்மா உணவகத்தின் காலை நேரம் ஏழிலிருந்து பத்து. அலுவலகம் போகிறவருக்கும் ஆட்டோ ஓட்டுபவருக்கும் அது சரியான நேரம். இந்தப் பகுதியின் கடிகாரம் வேறு. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் பின்னிரவிலேயே களைகட்டிவிடும். கூடையைத் தூக்கிக்கொண்டு மீன்காரப் பெண்கள் ஊருக்குள் இறங்கும்போது இன்னும் இருட்டு. ஐஸ் உடைப்பவர், பெட்டி தூக்குபவர், வலை பிரிப்பவர் எல்லோருக்கும் பசிக்கும் நேரம் மூன்றும் நான்கும். திருவொற்றியூர், மணலி, எண்ணூர் ஆலைகளில் பலவற்றில் முதல் ஷிப்ட் காலை ஆறுக்குத் தொடங்குகிறது. இரவு ஷிப்ட் முடிந்தவர்களும் அதே நேரத்தில்தான் வெளியே வருகிறார்கள். ஆறு மணிக்கு வாயிலில் இரண்டு கூட்டம் சந்திக்கிறது, இரண்டுக்கும் பசி, எதிரே உள்ள உணவகம் திறக்க இன்னும் ஒரு மணி நேரம். விம்கோ நகர் மெட்ரோவின் முதல் ரயில் ஐந்து மணிக்கே கிளம்புகிறது. ஆவின் பால் அதற்கும் முன்பே வந்துவிடுகிறது. ரயிலும் பாலும் பொதுத்துறையில் அந்த நேரத்துக்கு எழுந்துவிடுகின்றன, இட்லி மட்டும் எழவில்லை.

அடுத்த குறை இடம். சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நிற்பது இந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்த காட்சி. நெருக்கடி மிகுந்த காலங்களில் துறைமுகத்தின் ஜீரோ கேட் வாயிலிலிருந்து திருவொற்றியூர் தாண்டியும் வரிசை நீண்டிருக்கிறது. ஒரு பகல், ஓர் இரவு என்று காத்திருந்தவர்கள் உண்டு. அந்த வரிசையில் நிற்கும் ஓட்டுநருக்கு இரண்டு தெரு உள்ளே தள்ளி ஒரு ரூபாய் இட்லி கிடைக்கிறது என்பது எந்த வகையிலும் உதவாது. வண்டியை விட்டு இறங்கிப் போனால் வரிசை நகர்ந்துவிடும், பின்னால் நிற்பவர் ஹாரன் அடிப்பார், வண்டியிலிருந்து டீசலோ பேட்டரியோ போய்விடும் என்ற பயம் வேறு. ஆகவே பலர் ட்ரெய்லரின் நிழல் பக்கத்தில் சிறிய அடுப்பைப் பற்றவைத்துச் சப்பாத்தி சுடுகிறார்கள். அல்லது டீயும் பன்னும் தின்று மதியம் வரை ஓட்டுகிறார்கள். சாலையைப் பார்த்தபடி, வண்டியிலிருந்து கண்ணெட்டும் தூரத்தில் கடை இல்லாவிட்டால் லாரி ஓட்டுநருக்கு அந்தக் கடை இல்லாததற்குச் சமம். அமெரிக்கச் சங்கிலிக் கடைகள் உயரமான பலகையை நெடுஞ்சாலை ஓரத்தில் நட்டது இந்த அறிவினால்தான்.

சட்டம் இவர்களைப் பார்த்துக்கொள்ளவில்லையா என்று கேட்கலாம். பார்த்தது, அரைகுறையாக. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 46-ஆம் பிரிவில், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் கேன்டீன் அமைக்கும்படி உத்தரவிடும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. அசோக் லேலண்ட், எம்.ஆர்.எஃப்., ராயல் என்ஃபீல்டு, மணலி சுத்திகரிப்பு ஆலை என்று பெரிய ஆலைகள் நிறைந்த இந்தப் பகுதியின் நிரந்தரத் தொழிலாளர் தலைமுறை ஆலை கேன்டீனில் சாப்பிட்டு வளர்ந்தது அந்த ஏற்பாட்டால்தான். கேன்டீன் விலைக்கும் தரத்துக்கும் தொழிற்சங்கங்கள் போராடியிருக்கின்றன. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமும் 8-ஆம் பிரிவில், ஒரு நிறுவனத்தின் தொழிலாளர்கள் 100 பேர் அன்றாடம் வந்துபோகும் இடத்தில் கேன்டீன் வேண்டும் என்று விதி செய்யும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. இந்த எண்களின் உள்ளே ஒளிந்திருக்கும் ஓட்டையைக் கவனியுங்கள். ஜீரோ கேட் முன் நூற்றுக்கணக்கான ஓட்டுநர்கள் நிற்கலாம், ஆனால் அவர்கள் ஒரே நிறுவனத்தின் ஆட்கள் அல்லர். ஒருவர் ஒரு வண்டி முதலாளியிடம், இன்னொருவர் மூன்று வண்டி முதலாளியிடம். நூறு என்ற கணக்கு எந்த முதலாளிக்கும் நிறைவேறாது. மணலியில் சிறு பட்டறைகளில், கிடங்குகளில், சரக்குப் பெட்டக முனையங்களில் உழைக்கும் ஒடிசா, பிகார், வங்கத் தொழிலாளர்களுக்கும் இதே கதை. எல்லோரும் சேர்ந்தால் கூட்டம். சட்டத்தின் கணக்கில் தனித்தனி ஆட்கள். முதலாளியை வைத்துக் கணக்கிடும் ஏற்பாடு அவர்களைக் கைவிட்டுவிட்ட இடத்தில், இடத்தை வைத்துக் கணக்கிடும் ஏற்பாடுதான் வேண்டும். அதைச் செய்யக்கூடியது உள்ளாட்சி அமைப்பு, அதாவது மாநகராட்சி. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் நடத்திய போராட்டத்தை அடுத்து அரசு அறிவித்த திட்டங்களில் அவர்களுக்கான காலை உணவும் ஒன்று. விடியலில் வேலை செய்பவரின் வயிறு பொதுப் பொறுப்பு என்பதை அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. மற்ற விடியல் தொழிலாளர்களுக்கு அதை நீட்டிக்கத் தயக்கம் ஏன் என்பதே என் கேள்வி.

மறுப்புகள் உண்டு. முதல் மறுப்பு ருசி பற்றியது, அதை நான் மதிக்கிறேன். வடசென்னையின் காலை உணவு எங்கும் ஒரே அச்சில் வார்த்தது இல்லை. ஆப்பத்துக்குப் பாயா, இட்லிக்கு முந்தின நாள் மீன் குழம்பு, பொங்கலுக்கு வடகறி என்று தெருவுக்குத் தெரு கைப்பக்குவம் மாறும். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் மொஹிங்கா, அத்தோ என்ற நூடுல்ஸ் உணவுகளைக் கொண்டுவந்தார்கள். பர்மாவில் காலை உணவான மொஹிங்கா பாரிமுனைப் பக்கம் மாலைத் தீனியாக மாறி ஒட்டிக்கொண்டது. இத்தனை வகைக்கு நடுவில் ஒரே மாதிரி இட்லியை வரிசையாக நிறுத்தினால், விடியற்காலையில் தள்ளுவண்டியிலும் வீட்டு வாசலிலும் இட்லி விற்கும் பெண்களின் பிழைப்பு என்ன ஆகும்? நியாயமான கவலை. அந்தப் பெண்கள்தான் இன்று அந்த நேரத்தில் இந்தப் பகுதியைப் பட்டினியில்லாமல் காப்பவர்கள். ஆனால் அவர்களுடைய கடைக்கு நிச்சயம் உண்டா? மழை பெய்தால் இல்லை, போலீஸ் வண்டி வந்தால் இல்லை, தண்ணீர் லாரி வராவிட்டால் இல்லை. உணவகத்தை விரிவாக்குவது என்றால் அவர்களை அப்புறப்படுத்துவது என்று பொருளாக வேண்டியதில்லை. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் நகர விற்பனைக் குழு அமைத்து, இடம் ஒதுக்கி, சான்று தரச் சொல்கிறது. துறைமுக வாயில் அருகே கூரையும் குழாயும் கழிப்பறையும் போட்டு, மாநகராட்சி நிர்ணயித்த சில பலகாரங்களை நிர்ணயித்த விலையில், நிர்ணயித்த நேரத்தில் விற்பது என்ற ஒப்பந்தத்தோடு அந்தப் பெண்களையே அங்கே உட்காரவைக்கலாம். மீன் குழம்பு அவரவர் கைப்பக்குவமாகவே இருக்கட்டும். வரிசைக்கு வேண்டியது ஒரே நேரமும் ஒரே விலையும் ஒரே சுத்தமும். ஹார்வி தொடங்கிய காலத்திலிருந்தே சங்கிலிக் கடைகளின் பலம் சமையலைவிட விதிமுறையில்தான் இருந்திருக்கிறது.

இரண்டாவது மறுப்பு பணம். ஒரு ரூபாய் இட்லியால் மாநகராட்சிக்கு ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் நட்டம், நேரத்தையும் கூட்டினால் நட்டமும் கூடும் என்கிறார்கள். உண்மை. ஆனால் வழியில் நிற்கும் ஓட்டுநர் இலவசத்தையோ ஒரு ரூபாய் இட்லியையோ கேட்கவில்லை. கையில் காசு இருக்கிறது, கண்ணுக்கு முன் கடை இல்லை, அதுதான் அவருடைய குறை. விடியற்கால விற்பனைக்கு அடக்க விலையை ஒட்டிய தனி விலை வைப்பதில் தவறில்லை. அப்படிச் செய்தால் பகல் நேர ஏழைக்கான மானியம் குறையாது. இன்னொரு வழியும் உண்டு. இந்தப் பகுதியில் லாபம் ஈட்டும் நிறுவனங்கள் ஏராளம். 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 135-ஆம் பிரிவின் கீழ், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. பசி ஒழிப்பு அந்தப் பட்டியலில் முதல் வரியிலேயே இருக்கிறது. புகையையும் சாம்பலையும் லாரி நெரிசலையும் எண்ணூர் மக்கள் பல பத்தாண்டுகளாகச் சுமந்திருக்கிறார்கள். அந்த நெரிசலில் நிற்பவரின் காலை உணவுக்கு ஒரு பங்கு கேட்பது அதிகப்படி ஆகாது.

மூன்றாவது மறுப்பை வடநாட்டு ஓட்டுநர்கள் சார்பில் சிலர் எழுப்புகிறார்கள்: அவர்கள் இட்லி சாப்பிடமாட்டார்கள், தாங்களே சமைத்துக்கொள்வதைத்தான் விரும்புகிறார்கள் என்று. தாங்களே சமைப்பது விருப்பத்தாலா, வேறு வழியில்லாததாலா என்று முதலில் கேட்க வேண்டும். பெட்ரோலியப் பொருள் ஏற்றிய வண்டிகள் வந்துபோகும் சாலை ஓரத்தில் அடுப்புப் பற்றவைப்பதை விருப்பம் என்று சொல்லிவிட்டு நாம் நிம்மதியாக இருந்துவிட முடியாது. அம்மா உணவகம் இரவில் சப்பாத்தி போடுகிறது. அதே அடுப்பில், அதே கைகளால், துறைமுகப் பகுதியில் மட்டும் காலையிலும் போடலாம். விலைப் பலகையில் படமும், தமிழோடு இந்தியும் தெலுங்கும் ஒடியாவும் இருந்தால் கேட்டுக் குழம்ப வேண்டியதில்லை. டென்னிஸ் வரலாறு இங்கேதான் நமக்கு எச்சரிக்கை. மொழி தெரியாதவரைக் காக்கவைப்பதும், ‘ஹிந்திக்காரன்’ என்று தள்ளி நிறுத்துவதும் ஒருநாள் நடந்தால் போதும், அந்தச் செய்தி வரிசையில் நிற்கும் அத்தனை வண்டிக்கும் போய்விடும். மறுநாள் முதல் அடுப்பு மறுபடியும் சாலை ஓரத்தில் எரியும். 1941-ல் ரயில் நிலையத்தில் நாம் அழித்த கோட்டை 2020-களில் துறைமுக வாயிலில் வேறு பெயரில் வரைய அனுமதிக்கக் கூடாது.

நாலு மணிக்குத் திறந்தால் பெண் ஊழியர்கள் எப்படி வருவார்கள் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. என் கண்ணில் எல்லாவற்றிலும் கனமான மறுப்பு இதுதான். 2024 வரை நாளுக்கு 300 ரூபாயில் வேலை செய்த பெண்கள் அவர்கள். அந்த ஆண்டுதான் கூலி 325 ஆனது. அந்தக் கூலிக்கு இரவு மூன்று மணிக்கு எழுந்து வா என்று சொல்ல எந்தத் திட்டத்துக்கும் உரிமை கிடையாது. விடியற்கால ஷிப்டுக்குத் தனிக் கூலி, அழைத்துவர வண்டி, உணவகத்துக்கு வெளியே விளக்கு, உள்ளே பூட்டக்கூடிய கழிப்பறை ஆகியவை முதலில் வர வேண்டும். அதன் பிறகே நேரப் பலகையை மாற்றலாம். மாவை முந்தின மாலையே அரைத்து வைத்துவிட்டால் விடியலில் வேலை பாதியாகும். ஆகவே மாலை ஷிப்டுக்கும் விடியல் ஷிப்டுக்கும் ஆட்களைப் பிரிக்க வேண்டும், ஒரே ஆளை இரண்டுக்கும் இழுக்கக் கூடாது. காசிமேட்டிலேயே வீடு உள்ள மீனவப் பெண்கள், ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடை இருக்கும்போது வருமானமின்றி இருக்கிறார்கள். எப்படியும் அந்த நேரத்துக்கு விழித்தே பழகியவர்கள் அவர்கள். விரும்புகிறவர்களுக்கு அந்த மாதங்களில் இந்த வேலையில் முன்னுரிமை கொடுக்கலாம்.

எல்லாக் கிளைகளையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. நான்கு இடங்கள் போதும், ஆறு மாதம் நடத்திப் பார்க்க. காசிமேடு மீன்பிடித் துறைமுக வாயில் விடியற்காலை மூன்றரை மணிக்கு. ஜீரோ கேட் அருகே எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் இரவு முழுக்க. விம்கோ நகர் மெட்ரோ நிலைய வாசல் ஐந்து மணிக்கு, முதல் ரயிலோடு. அத்திப்பட்டு பக்கம் அனல்மின் நிலையத்துக்கும் காமராஜர் துறைமுகத்துக்கும் போகும் சாலை சந்திப்பில் ஐந்து மணிக்கு. கடைசி இடம் மாநகராட்சி எல்லைக்கு வெளியே வருகிறது, அங்கே துறைமுக நிறுவனமே பொறுப்பேற்க வேண்டும். எத்தனை தட்டு எத்தனை மணிக்குப் போனது என்ற கணக்கை ஒவ்வொரு வாரமும் வாசலிலேயே எழுதி ஒட்டட்டும். ஆறு மணிக்கு முன் போன தட்டுகளின் எண்ணிக்கையை மாநகராட்சி மன்றத்தில் வைத்த பிறகு, ஏழு மணி என்ற நேரத்தை யார் காப்பாற்ற விரும்புகிறார்களோ அவர்கள் எழுந்து பேசட்டும்.